ஆறு பேர் கேட்ட அழுகை

சனிக்கிழமை, முற்பகல்

மதுரை மாட்டுத்தாவணியில் ஏறினால் திருச்சி ஏறத்தாழ நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் தெற்கேயிருந்து வரும் பஸ்கள் இப்போது ஊருக்குள் வருவதில்லை. பஞ்சப்பூரில் கட்டியிருக்கும் புதிய பேருந்து நிலையத்தோடு சரி. பளபளக்கும் தரையில் பைகளை வைத்துவிட்டு எல்லோரும் அண்ணாந்து பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் படித்தேன். ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ நானூற்றைம்பது ரூபாய் கேட்டது. டவுன் பஸ்ஸைத் தேடி ஏறினேன்.

"கோயிலுக்காம்மா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்லைங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்கு."

"அப்ப ராஜகோபுரத்துல இறங்கிக்கங்க. அங்கேருந்து யாரக் கேட்டாலும் சொல்வாங்க."

தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டேனே தவிர, நான் பார்க்கப் போன கோதையக்காவின் முகத்தை அதுவரை பார்த்ததில்லை. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவர் குரலைக் கேட்டிருக்கிறேன்.

நானும் கோதையக்காவும் பாட்காஸ்ட் செய்கிறவர்கள். போனில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி. எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் இல்லை. நாங்களே ஆளைத் தேடி, நாங்களே பதிந்து, நாங்களே வெட்டி ஒட்டி வெளியிடுகிறோம். வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் தங்கள் வீடுகளைப் பற்றிச் சொல்வது என் நிகழ்ச்சி. நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையில் ஒருவருக்கும் இது தெரியாது. "உள்ள உக்காந்து யார்கூடப் பேசுற?" என்பதோடு என் கணவரின் அக்கறை முடிந்துவிடும்.

இப்படி வெவ்வேறு ஊர்களில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய ஐந்து பேரைத் தன்னோடு சேர்த்து ஒரு குழு தொடங்கியவர் திருச்சி தில்லை நகரைச் சேர்ந்த பிரகாஷ். ஞாயிறு காலை போனில் கூடுவோம். வெளியிடுவதற்கு முன்னால் ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டுக் குறை சொல்வார்கள். அந்தக் குறைகளுக்காகத்தான் நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன். "அந்தப் பெரியவர் பேச்சை நிறுத்தினதும் நீ டக்குனு அடுத்த கேள்விக்குப் போயிட்டே சுமதி. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்திருந்தா மீதியைச் சொல்லியிருப்பார்" என்று ஒருமுறை கோதையக்கா சொன்னார். அப்படிச் சொல்ல எனக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது. இன்னொரு முறை, ஒரு மாத உழைப்பு கணினியில் அழிந்துபோனபோது, பிரகாஷ் ஒரு மாலை முழுவதும் போனில் இருந்து எனக்கு அதை மீட்டுக் கொடுத்தார். அதை மறக்க முடியவில்லை. மறந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை, மதியம்

மேலச் சித்திரை வீதியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, தலை பாதி நரைத்து இருந்தார். பெரிய உருவமாக மனத்தில் வைத்திருந்ததால் வேறு யாரோ என்று நினைத்தேன்.

"வா சுமதி. நீ இவ்வளவு உசரமா இருப்பேன்னு நினைக்கவே இல்லை" என்றார். குரல் வந்ததும்தான் ஆள் வந்தார்.

கோதையக்கா ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சாப்பாடு தயாராக இருந்தது. ரசத்தை, அவர் வாயில் அது சாத்தமுது, இரண்டாம் முறை விட்டுக்கொண்டே, வந்த விஷயத்தை அவரே எடுத்தார்.

"பேசி என்ன ஆகப்போறது? போனது போயிடுத்து."

போனது இதுதான். ஆற்றில் மணல் எடுத்த பள்ளங்கள் தெரியாமல் குளிக்கப் போய் இறந்த பிள்ளைகளின் தாய்மார்களைக் கோதையக்கா பள்ளி விடுமுறைகளில் தேடிப் போய்ப் பதிந்துகொண்டிருந்தார். முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தாய். மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரில்லை. பல மாதப் பழக்கத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் உடைந்து அழுதார். அழுகையினூடே, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மகன் கூட்டாளிகளோடு தானாக ஆற்றுக்குப் போனான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையில், போர்வைகளை அலசிக்கொண்டு வா என்று அனுப்பியது மல்லிகாதான்.

"இது வெளிய போகாதுன்னு அவ கையைப் பிடிச்சுண்டு சொன்னேன்" என்றார் கோதையக்கா.

இருந்தாலும் மனம் அலைபாய்ந்திருக்கிறது. அழுகையை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா, அதுவும் தப்பா என்று கேட்டு அந்தப் பகுதியை எங்கள் குழுவுக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்க அவருக்கும் வேறு இடமில்லை. ஐந்து பேருமே வேண்டாம் என்றோம். "இதை வெட்டிடுங்க மேடம். இது நாம கேட்டிருக்கவே கூடாதது" என்று முதலில் சொன்னவர் பிரகாஷ்.

சில மாதங்கள் கழித்து பிரகாஷ் ஆறுகளைப் பற்றிப் புதிய தொடர் தொடங்கினார். அதன் முன்னோட்டம் அந்த அழுகையோடு ஆரம்பித்தது. போர்வையும் இருந்தது, பையனின் பெயரும் இருந்தது. எங்கள் ஆறு பேரின் நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணினாலும் வராத கூட்டம் அதைக் கேட்டது. எடுத்துவிடுங்கள் என்று கோதையக்கா குழுவில் எழுதினார். நானும் எழுதினேன். எல்லோரும் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறிகள் விழுந்தன. பதில் ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்த ஞாயிறு யாரும் யாரையும் அழைக்கவில்லை. பிரகாஷ் என் போனை எடுக்கவே இல்லை. பிறகு, பாட்காஸ்ட் தொடங்க விரும்புகிறவர்களுக்காக அவர் இந்தச் சனிக்கிழமை மாலை நடத்தும் கூட்டத்துக்கு ஓர் அழைப்பிதழ் மட்டும் வந்தது, எல்லோருக்கும் அனுப்பியதுபோல.

சனிக்கிழமை, மாலை

"நீ போயிட்டு வா. எனக்கு அந்த மூஞ்சியைப் பாக்க வேண்டாம்" என்று கோதையக்கா சொல்லிவிட்டார்.

தில்லை நகரில் ஒரு உணவகத்துக்கு மேலே குளிர்பதன வசதி செய்த கூடம். நுழைவுக் கட்டணம் முந்நூறு ரூபாய், காபியும் சமோசாவும் சேர்த்து. 'தனியாகப் பேசுகிறவர்களுக்குச் சக குரல்களின் துணை' என்று பேனர். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் இளைஞர்களுமாக இடம் நிறைந்திருந்தது. ஒலிக்கருவிகளுக்குப் பின்னால், அழைப்பிதழில் படம் இருந்த ஹபீப் நின்றார். அவரும் எங்கள் குழு. காட்டூர்க்காரர், ரயில்வே பணிமனை ஊழியர். என் பதிவுகளில் மின்விசிறி இரைச்சலை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர். என் பெயரைச் சொன்னதும் தலையை மட்டும் அசைத்தார்.

பிரகாஷ் நன்றாகப் பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

"தனியாப் பண்றவனுக்கு முதல் எதிரி, தன் குரல் தனக்கு எப்பவும் நல்லா இருக்கிற மாதிரித் தெரியறதுதாங்க. தப்பைச் சொல்ல ஒரு ஆள் வேணும். பாராட்டுறவங்க இல்ல, நம்மகூட அதே கஷ்டத்தைப் படற ஆளு. எங்க குழுல ஒருத்தர் அரைகுறையாப் பண்ணினதைத் தைரியமா இன்னொருத்தர்கிட்ட காட்டுவோம். அந்த நம்பிக்கை இல்லேன்னா நான் இன்னிக்கு இந்த மேடையில இல்ல."

கை தட்டினார்கள். அடுத்து, கேட்பவரை முதல் நொடியிலேயே நிறுத்துவது எப்படி என்பதற்கு உதாரணம் காட்டுகிறேன் என்று ஹபீப்புக்குக் கை காட்டினார். கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் மல்லிகாவின் அழுகை வந்தது. எனக்குப் பக்கத்து இருக்கைப் பெண் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"இது நீங்க பதிஞ்சது இல்லைங்க, பிரகாஷ். குழுவுக்கு நம்பி அனுப்பினது. வெட்டிடுங்கன்னு நீங்களே சொன்னீங்க. அந்தம்மாவுக்குக் குடுத்த வாக்கு ஒண்ணு இருக்கு. இதை எடுத்துடுவீங்களா?"

பிரகாஷின் முகம் வெளுத்து, உடனே சமாளித்துக்கொண்டது.

"இவங்க எங்க குழுல மூத்த தோழி. குழுன்னா இப்படித்தான், கருத்து வேறுபாடு இருக்கும். சுமதி மேடம், நாம தனியாப் பேசுவோமே."

யாரோ சிரித்தார்கள். அடுத்த கேள்வி, எந்த மைக் வாங்கலாம் என்பது.

கூட்டம் முடிந்து மாடிப்படித் திருப்பத்தில் பேசினோம்.

"மேடையில வச்சுக் கேட்டிருக்க வேணாம்" என்றார்.

"போன எடுத்திருந்தா அங்கேயே கேட்டிருப்பேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வேலைய விட்டுட்டு வந்தவன் நான். உங்களுக்கெல்லாம் சம்பளம் வருது, இது ஞாயித்துக்கிழமை விஷயம். எனக்கு இதுதான் சோறு. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஜனங்க ஆத்துப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. கோதை மேடம் வச்சிருந்தா பத்துப் பேரு கேட்டிருப்பாங்களா?"

"கேக்கக் கூடாததுன்னு சொன்னது யாரு?"

"அப்ப அப்படித் தோணிச்சு." பிறகு, மெதுவாக: "குழுவுக்கு வந்தது குழுவோடதுதாங்க. வெளிய போகக்கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கலையே."

கடைசியில் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். அப்போதே, என் கண்முன்னாலேயே போனில் எடுத்தார். எடுத்துவிட்டுத் திரையை என்னிடம் காட்டினார். அதை அதற்குள் எத்தனையோ பேர் வெட்டித் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கீழே டீக்கடையில் ஹபீப் காத்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"தப்புதான்க்கா. நான் வாயத் திறந்திருக்கணும்."

"ஏன் திறக்கலை?"

"எனக்கு மைக் வாங்கிக் குடுத்தவரு அவரு. என் நிகழ்ச்சிய நாலு பேருக்கு எடுத்துட்டுப் போனவரு. அவர விட்டா இந்த ஊர்ல எனக்கு இதப் பத்திப் பேச யாரு இருக்கா?" டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இன்ஷா அல்லா, எல்லாம் சரியாயிடும்" என்றார். அந்தக் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் மதுரையிலிருந்து ஏறி வந்ததும் அதே பயத்தில்தானோ என்னவோ. இந்த ஐந்து பேரை விட்டால் எனக்கும் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை

வழக்கமாகப் போனில் கூடும் நேரத்தில் நானும் கோதையக்காவும் நம்பர் ஒன் டோல்கேட்டில் முசிறி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வந்திருந்தோம். முன்னோட்டத்தை எடுத்துவிட்டதை மல்லிகாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார் கோதையக்கா. விஷயம் வெளியான பிறகு அவர் அங்கே போகவில்லை. போன் செய்தபோதெல்லாம் மல்லிகா எடுக்கவில்லை.

சாலை மேற்கே போகிறது. இடப்பக்கம் ஆறு மரங்களுக்கிடையில் வருவதும் மறைவதுமாகக் கூடவே வந்தது. குணசீலத்தில் பாதிப் பேர் பிரார்த்தனைக்கு இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. அதற்கப்புறம் வாழைத் தோட்டங்கள், இடையிடையே நெல். காற்றில் கிழிந்த வாழையிலைகள் பஸ் ஜன்னலில் உரசுவதுபோல நெருக்கமாக நின்றன.

இறங்கிய ஊரின் பெயரை எழுத மாட்டேன். அந்த ஊரைப் பற்றிப் போதுமான அளவு வெளியே போய்விட்டது.

மல்லிகா வாசல் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்காது. கோதையக்காவைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்றார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஸ்டூலும் கொண்டுவந்து போட்டார். தண்ணீர் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"அதை எடுத்துட்டாங்க மல்லிகா. நேத்திக்கு. இவதான் போய்ப் பேசினா" என்று என்னைக் காட்டினார் கோதையக்கா.

"எதை?"

"நீ அழுததை."

மல்லிகா தலையாட்டினார். "எங்க வூட்டுக்காரரு டீக்கடையில கேட்டுட்டாருங்க. எவனோ போன்ல போட்டிருக்கான். இவரு நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். வூட்டுக்கு வந்து ஒண்ணும் சண்டை போடல. பையனக் கூட்டிக்கிட்டு அண்ணன் வூட்டுக்குப் போயிட்டாரு."

பையன் என்றது இரண்டாவது மகனை. உள்ளே ஒரு அறைதான் தெரிந்தது. கொடியில் ஒரே ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"நான் போய் அவர்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டார் கோதையக்கா.

"என்னன்னு பேசுவீங்க? நான் சொன்னது பொய்யின்னா?"

பிறகு மல்லிகா, கேட்டுவிடலாமா என்று யோசித்ததுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"நீங்க ஒருத்தருதான் கேப்பீங்கன்னு சொன்னேன் டீச்சர். அது எப்படி அவங்க கைக்குப் போச்சு?"

"நான்தான் அனுப்பினேன். எங்க குழுல அஞ்சு பேருக்கு. இதைப் போடலாமா கூடாதான்னு கேக்கறதுக்காக. என்னால தனியா முடிவு பண்ண முடியலை மல்லிகா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் வேண்டாம்னுதான் சொன்னா."

மல்லிகாவுக்கு அது புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் நல்லவங்களாத்தான் இருந்திருக்காங்க" என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. எழுந்து, மீதிப் பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நாங்க கிளம்பறோம்" என்றோம். "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கோதையக்கா தன் போனை எடுத்து, எல்லாத் தாய்மார்களின் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் நிச்சயமாகவா என்று அது கேட்டது. அவர் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனார். நான் தடுக்கவில்லை. அந்தக் குரல்களில் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன். நல்ல பதிவுகள். யாரும் இதுவரை அந்தப் பெண்களிடம் அப்படிக் கேட்டதில்லை. இனி யாராவது கேட்டாலும் அவர்கள் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாலை

ஊருக்குக் கிளம்பும் முன் அம்மா மண்டபம் படித்துறையில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். காவிரியில் தண்ணீர் இருந்தது. மதுரைக்காரியான எனக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதே வேடிக்கை பார்க்கும் விஷயம். அன்று அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தர்ப்பணத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பம் படியில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நீ விட்டுடாதே" என்றார் கோதையக்கா. "நான் விட்டுட்டேன். அது வேற. நீ பண்ணு."

"தப்பைச் சொல்ல ஆள் இல்லாம எப்படிக்கா பண்றது?"

"நான் கேக்கறேன். ஆனா ஃபைலா எதையும் அனுப்பாதே. என் போன்ல யார் குரலும் இருக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணிப் போட்டுக் காமி. கேட்டுட்டு வச்சுடறேன்."

குழுவிலிருந்து விலகிவிட்டீர்களா என்று கேட்டேன். விலகவில்லை என்றார். நானும் விலகவில்லை. ஆறு பேரும் இன்னும் அதில் இருக்கிறோம். பண்டிகை நாட்களில் வாழ்த்துப் படங்கள் வருகின்றன.

பஞ்சப்பூரிலிருந்து மதுரைக்கு உடனே பஸ் கிடைத்தது. துவரங்குறிச்சி வரை ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "சாமி தரிசனம் நல்லா கெடச்சுதா?" என்று கேட்டார். கிடைத்தது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, மதுரை

காலையில் கோதையக்காவை அழைத்தேன். செல்லூரில் ஒரே வாடகை வீட்டில் நெடுங்காலம் இருந்து, உரிமையாளர் இறந்ததும் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு தையல்காரரின் பேச்சு அந்த வாரப் பதிவு. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூன்று விதமாக வெட்டி வைத்திருந்தேன். போனைக் கணினியின் ஒலிபெருக்கிக்கு அருகில் பிடித்துக்கொண்டு முதலாவதைப் போட்டேன். தெருவில் பால்காரர் ஹாரன் அடித்தார். கை வலித்தபோது புத்தகங்களை அடுக்கிப் போனை அதன்மேல் சாய்த்தேன். முடிந்ததும் எடுத்துக் காதில் வைத்தேன்.

"கேட்டேளாக்கா?" என்றேன். அவரோடு பேசிப் பேசி அந்தப் பேச்சு எனக்கும் வந்திருக்கிறது.

"கேட்டேன். நன்னா இருந்தது."

"கடைசி இடம்? அவர் வீட்டைப் பூட்டுற இடத்தோட நிறுத்தட்டுமா, இல்ல சாவியைக் குடுக்கிறது வரைக்கும் போகட்டுமா?"

மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது.

"அந்த இடமெல்லாம் எனக்குக் காதுலயே விழலை சுமதி. ஒரே இரைச்சல். நீயே பாத்துப் பண்ணு."